ஒரே ரத்தம், இரண்டு எண்கள்: எஸ்.ஜி.பி.டி. 58ஆ, 44ஆ?

கேள்வி: 2023 ஜூன் 4, காலை 7.15

ஒரே நாள், ஒரே கை, ஒரே ஊசி. சந்தேகம் தீரட்டும் என்று இரண்டு குழாய்களில் ரத்தம் எடுக்கச் சொல்லி இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினேன். ஒன்றில் எஸ்.ஜி.பி.டி. (ஏ.எல்.டி. என்றும் போடுவார்கள், கல்லீரல் நொதி, அதாவது என்சைம்) 58. உச்ச எல்லை 55 என்று போட்டு நட்சத்திரக் குறி வைத்திருக்கிறார்கள். மற்றதில் 44, எல்லை 45, குறி எதுவும் இல்லை. ஓர் ஆய்வகம் எனக்குக் கல்லீரல் நோய் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. இரண்டில் ஒன்று பொய். இப்படிப்பட்ட சோதனையை நம்பி எப்படி வைத்தியம் பார்ப்பது? ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர் இங்கே எழுதுகிறார். அவர் சொல்லட்டும்.

பதில்: ஜூன் 4, காலை 10.40

இரண்டும் பொய் இல்லை.

சர்க்கரை 110 என்றால் அது ஓர் அளவு. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் அவ்வளவு மில்லிகிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது. எஸ்.ஜி.பி.டி. 58 என்பது அப்படிப்பட்ட எண் அல்ல, அது ஒரு வேகம். ரத்தத்தில் கசிந்திருக்கும் நொதி மிகமிகச் சொற்பம், எடை போடுவது எளிதல்ல. அதனால் அதற்கு ஒரு வேலை கொடுத்து, எவ்வளவு விரைவாகச் செய்கிறது என்று பார்க்கிறோம். மூடிய அறைக்குள் எத்தனை ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியாது, ஜன்னல் வழியாக நிமிடத்துக்கு எத்தனை செங்கல் வந்து விழுகிறது என்று எண்ணுகிறோம். அவ்வளவுதான் செய்தி.

கருவி ஒளி பாய்ச்சிப் பார்க்கும் குவெட் என்ற சிறு குழாய்க்குள் நடப்பது இது. அலனின், ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் வினைப்பொருளில் (ரீஏஜென்ட்) தயாராக இருக்கின்றன. எஸ்.ஜி.பி.டி. அலனினின் அமினோத் தொகுதியைப் பிடுங்கி மற்றதன்மேல் வைக்கிறது. அலனின் பைருவேட்டாகிறது. பைருவேட்டைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற இன்னொரு நொதியைத் துணைக்கு வைத்திருக்கிறோம். அது பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும்போது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் என்.ஏ.டி.எச். என்ற துணை மூலக்கூறு ஒன்று செலவாகிறது. என்.ஏ.டி.எச். 340 நானோமீட்டர் ஒளியை விழுங்கும், செலவானபின் விழுங்காது. எனவே கருவி பார்ப்பது குறைந்துகொண்டே வரும் ஓர் ஒளி உறிஞ்சலை. எவ்வளவு சீக்கிரம் குறைகிறதோ அவ்வளவு எஸ்.ஜி.பி.டி.

ஒரு மில்லிலிட்டர் வினைப்பொருளில் 100 மைக்ரோலிட்டர் சீரம் (ரத்தம் உறைந்தபின் மேலே பிரியும் தெளிந்த நீர்) விடும் முறையில், நிமிடத்துக்கு எவ்வளவு உறிஞ்சல் குறைகிறது என்று பார்த்து 1768ஆல் பெருக்குவோம். உங்கள் 58க்கு நிமிடத்துக்கு 0.033 குறைந்திருக்கும். 44க்கு 0.025. நீங்கள் நோய், நோயில்லை என்று கலங்கும் வித்தியாசம், கருவியின் திரையில் 0.008.

அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் முறையின் பெயர் இருக்கும். இரண்டிலும் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். வினைப்பொருளில் பிரிடாக்சல் பாஸ்பேட் சேர்த்தார்களா இல்லையா என்பதுதான் எனக்கு வேண்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஜூன் 4, இரவு 11.20

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். ‘செங்கல் எண்ணி ஆட்களைக் கணக்கிடுகிறோம்’ என்ற உவமையை அப்படியே விட்டால் தவறாகும். ஆட்கள் இருந்தும் கையில் கரண்டி இல்லாவிட்டால் செங்கல் வராது. எஸ்.ஜி.பி.டி., அறிக்கையில் அதனோடு சேர்ந்து வரும் இன்னொரு நொதியான எஸ்.ஜி.ஓ.டி. (ஏ.எஸ்.டி.) இரண்டுக்கும் அந்தக் கரண்டி பிரிடாக்சல் பாஸ்பேட், அதாவது வைட்டமின் பி6இன் செயல்வடிவம். அது ஒட்டாத நொதி ரத்தத்தில் சும்மா மிதக்கும், வேலை செய்யாது. வினைப்பொருளிலேயே அதைச் சேர்த்துவிட்டால் சும்மா கிடந்த நொதியும் எழுந்து வேலை செய்யும், எண் ஏறும். சேர்க்காவிட்டால் குறைவாக வரும். சர்வதேச மருத்துவ வேதியியல் கூட்டமைப்பின் முறையில் அதைச் சேர்க்க வேண்டும், வெப்பநிலை 37 டிகிரி. சேர்க்காத வினைப்பொருள்களும் பரவலாகப் புழங்குகின்றன.

ஏற்றம் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் இருக்காது. உடலில் பி6 நிறைந்தவருக்குக் கொஞ்சம் ஏறும். நீண்டகாலம் மது அருந்துபவருக்கும் சிறுநீரக டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் நிறைய ஏறலாம். அதனால்தான் ‘அந்த ஆய்வக எண்ணை இத்தனையால் பெருக்கிக்கொள்’ என்று ஒரு வாய்ப்பாடு தர என்னால் முடியாது.

யூனிட் என்பது நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல். ஸ்வீடனில் நொடிக்கு எவ்வளவு என்று சொல்லும் கட்டல் கணக்கில் அச்சிடுவார்கள், அங்கே உங்கள் 58 என்பது 0.97 மைக்ரோகட்டல். அங்கிருந்து அறிக்கை கொண்டுவந்த ஒருவர் ‘எனக்கு மூன்றுகூட இல்லை’ என்று மகிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவருடைய எண் 2.4. அறுபதால் பெருக்கினால் 144.

ஜூன் 6, மாலை 6.05

இந்தச் சோதனையைக் கல்லீரலுக்கு யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் வந்தது கல்லீரல் அல்ல, இதயம். 1954இல் லடூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மன் மூவரும் மாரடைப்பு வந்தவர்களின் சீரத்தில் எஸ்.ஜி.ஓ.டி. ஏறுவதை சயின்ஸ் இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே இத்தாலியில் டி ரிட்டிஸும் அவருடைய குழுவினரும் வைரஸ் கல்லீரல் அழற்சியில் இந்த நொதிகள் ஏறுவதைக் காட்டினார்கள். எஸ்.ஜி.ஓ.டி.யை எஸ்.ஜி.பி.டி.யால் வகுக்கும் விகிதத்துக்கு இன்றும் டி ரிட்டிஸ் பெயர்தான். இதயத்துக்கு எஸ்.ஜி.ஓ.டி. பார்ப்பதை மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது. கல்லீரலுக்கு அது நிலைத்துவிட்டது.

நான் தொழில் கற்றது 1957இல் வந்த ரெய்ட்மன்–ஃபிராங்கெல் முறையில். 340 நானோமீட்டர் பார்க்கும் கருவி எங்களிடம் இல்லை. சோதனைக் குழாயை 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைக்க வேண்டும், எஸ்.ஜி.பி.டி.க்கு அரை மணி, எஸ்.ஜி.ஓ.டி.க்கு ஒரு மணி. பிறகு டைநைட்ரோஃபினைல் ஹைட்ரசீன் விட்டு இருபது நிமிடம் வெளியே வைத்து, கடைசியில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டதும் குழாயில் பழுப்பு நிறம் எழும்பும். வெளிறிய பழுப்பு, நல்ல பழுப்பு, கருகிய பழுப்பு. ஒளியளவியில் வைப்பதற்கு முன்பே எந்தக் குழாய் யாருடையது, யாருக்கு இன்று கெட்ட செய்தி என்று தெரிந்துவிடும். எண்ணைவிட அந்த நிறம் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது.

அந்த முறையின் குறை, உயர்ந்த எண்களில் அது தடுமாறும். ஒரு மணி நேரம் கழித்துக் கடைசியில் ஒரே ஒருமுறை பார்ப்பதால் நடுவில் வேகம் தளர்ந்தது தெரியாது.

ஜூன் 7

எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் ஏறியிருக்கிறது என்று அறிக்கையைப் பகிர்ந்த சகோதரிக்கு: சீரம் இளஞ்சிவப்பாக இருந்ததா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். சிவப்பணுக்களுக்குள் எஸ்.ஜி.ஓ.டி. நிறைய உண்டு. ரத்தம் எடுக்கும்போது நரம்பு கிடைக்காமல் இழுத்து, குழாயை வேகமாகக் குலுக்கினால் அணுக்கள் உடைந்து அது சீரத்தில் கலந்துவிடும். மறுபடி எடுத்துப் பாருங்கள்.

ஜூன் 9, இரவு 12.30

இரவுப் பணியில் நடந்த ஒன்று. மேலே 0.033 என்று எழுதியதிலிருந்து இது மனத்தைவிட்டுப் போகவில்லை.

ஒரு மாதிரி வந்தது. எஸ்.ஜி.பி.டி. 7 என்று காட்டியது கருவி. ஏழு. நல்ல ஆரோக்கியமானவருக்குக்கூட அவ்வளவு குறைவாக அடிக்கடி வராது. பக்கத்தில் ஒரு சிறிய குறி இருந்தது. அந்தக் குறியை நாங்கள் பழகிப்போய்ப் பொருட்படுத்துவதில்லை. அறிக்கையில் எழுதக் கையெடுத்தேன். மாதிரித் தட்டில் அந்தக் குழாயைப் பார்த்தேன். சீரம் தெளிந்த மஞ்சளாக இல்லை, கொழகொழவென்று ஆழ்ந்த மஞ்சள், ஓரத்தில் பச்சை படர்ந்தாற்போல. மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமியான பிலிரூபின் 11 என்று ஏற்கெனவே வந்திருந்தது. பிலிரூபின் 11 உள்ளவருக்கு எஸ்.ஜி.பி.டி. 7 வருவது அரிதிலும் அரிது.

வரைபடத்தைத் திரையில் திறந்தேன். சரிவு ஒன்றுமே இல்லை, தரையோடு படுத்த கோடு. ஆனால் தொடக்கமே தரையில். அப்போதுதான் புரிந்தது. கருவி முதல் ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுப் பிறகு அளக்கும். அந்த ஒரு நிமிடம் முடிவதற்குள்ளேயே நொதி இருந்த என்.ஏ.டி.எச். முழுவதையும் தின்று தீர்த்துவிட்டது. கருவி அளக்க ஆரம்பித்தபோது அளக்க எதுவும் மிச்சமில்லை. ‘வேலை நடக்கவில்லை’ என்றும் ‘வேலை முடிந்துபோய்விட்டது’ என்றும் இரண்டுக்கும் அதற்கு ஒரே கோடுதான்.

உப்புநீரில் இருபது மடங்கு நீர்த்தேன். 312 வந்தது. இருபதால் பெருக்கினால் 6,240.

மறுபடி செய்தேன். அதே எண். தொலைபேசியை எடுத்து வார்டுக்குச் சொன்னேன். பாரசிட்டமால் அளவுக்கு மீறி உட்கொண்டவர், எப்போது உட்கொண்டார் என்பதை அதுவரை அவர் சொல்லவில்லை. அதற்கு மாற்று மருந்தான என்–அசிட்டைல் சிஸ்டீன் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது என்பது மட்டும் எனக்கு ஆறுதல். அந்த 7 என்ற எண்ணை நான் அப்படியே எழுதி அனுப்பியிருந்தால் யாராவது அதை நம்பி மருந்தை நிறுத்தியிருக்கக்கூடும்.

இன்றைய கருவிகள் இதைத் தாமாகவே கண்டுபிடித்து நீர்த்துக்கொள்கின்றன. எல்லா இடத்திலும் இன்றைய கருவி இருப்பதில்லை. ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்கள் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். எண்ணைப் பார்க்கும் முன் சீரத்தைப் பாருங்கள்.

ஜூன் 10, காலை

‘6,240 என்றால் பிழைத்திருக்க மாட்டாரே’ என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பிழைத்தார். எண்ணின் உயரத்துக்கும் உயிருக்கும் நேர்க்கோட்டு உறவு கிடையாது. ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து கல்லீரலுக்கு ரத்தம் போகாமல் நின்றால் எண் ஆயிரக்கணக்கில் எகிறும், ரத்த ஓட்டம் திரும்பியதும் சில நாள்களில் கீழே வந்துவிடும்.

இறங்குகிறது என்றால் குணமாகிறது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. இதைத்தான் நான் இந்த இழையில் எல்லோரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கசிவதற்குக் கல்லீரல் அணுக்களே மிச்சம் இல்லாமல் போனாலும் எண் இறங்கும். எஸ்.ஜி.பி.டி. 4,000, 1,500, 600 என்று இறங்கிக்கொண்டிருக்கும்போது பிலிரூபின் ஏறி, ரத்தம் உறையும் நேரமும் நீண்டுகொண்டே போனால் அது மிக மோசமான அறிகுறி. விறகு தீர்ந்து அடுப்பு அணைந்தாலும் புகை நின்றுவிடும்.

எவ்வளவு வேகமாக இறங்குவது இயல்பு? எஸ்.ஜி.பி.டி.யின் அரை ஆயுள் சுமார் 47 மணி, எஸ்.ஜி.ஓ.டி.க்குச் சுமார் 17 மணி. கசிவு அடியோடு நின்றுவிட்டால் 6,240 இரண்டு நாளில் ஏறக்குறைய 3,100, நான்கு நாளில் 1,550. எஸ்.ஜி.ஓ.டி. அதைவிட விரைவாக விழும். ஆகவே தொடக்கத்தில் எஸ்.ஜி.ஓ.டி. மேலே இருந்து, பிறகு எஸ்.ஜி.பி.டி.க்குக் கீழே போய்விட்டால் உச்சத்தைத் தாண்டிவிட்டார் என்று ஊகிக்கலாம். ஒரே ஓர் அறிக்கையை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்தச் சோதனைக்குப் பொருந்தாது.

ஜூன் 13, இரவு

எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் அண்ணனுக்கு 56 வயது இருக்கும்போது வழக்கமான பரிசோதனை ஒன்று செய்துகொண்டார். அறிக்கையை என்னிடம்தான் முதலில் காட்டினார். “தம்பி, பயப்பட ஒன்றும் இல்லையே?” எஸ்.ஜி.பி.டி. 36, எல்லை 40. எஸ்.ஜி.ஓ.டி. 48, சிறிய நட்சத்திரம். பிலிரூபின் சரி. “இல்லை அண்ணா, இந்த நட்சத்திரம் எல்லோருக்கும் வரும்” என்றேன். ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்த கை இது, அவரும் நம்பினார். அறிக்கை மேசை இழுப்பறைக்குள் போனது.

மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு நள்ளிரவில் ரத்த வாந்தி எடுத்தார். உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் வெடித்திருந்தது. சிரோசிஸ். கல்லீரல் தழும்பேறி இறுகிப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த இழுப்பறையைத் திறந்து பழைய தாளை எடுத்தேன். தட்டணுக்கள் (பிளேட்லெட்) 1,50,000. ‘சரியாக எல்லையில்தான் இருக்கிறது’ என்று அன்று விட்டுவிட்டேன்.

கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்று ஊகிக்க ஃபிப்–4 என்று ஒரு கணக்கு இருக்கிறது, 2006இல் வந்தது. வயதையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்க வேண்டும். 56 பெருக்கல் 48, 2,688. கீழே ஆயிரத்தில் எழுதிய தட்டணு எண்ணிக்கையை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். 150 பெருக்கல் 6, 900. வகுத்தால் 2.99. 2.67க்கு மேலே போனால் கடுமையான தழும்புக்கு வாய்ப்பு அதிகம். எல்லா எண்களும் அந்த ஒரே தாளில் இருந்தன. தனித்தனியாக எதுவும் கத்தவில்லை. யாரும் சேர்த்துப் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

இந்தப் பட்டியலுக்குக் ‘கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை’ என்று பெயர் வைத்ததில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு. எஸ்.ஜி.பி.டி. கல்லீரலின் செயல்பாட்டைச் சொல்வதே இல்லை. கல்லீரல் அணு உடைகிறதா, கசிகிறதா என்பதைச் சொல்கிறது. செயல்பாட்டைச் சொல்வது ஆல்புமின் என்ற ரத்தப் புரதமும் ரத்தம் உறையும் நேரமும். அவை கல்லீரல் தயாரிக்கும் பொருள்களைச் சார்ந்தவை. பெயரைப் பார்த்து ‘செயல்பாடு நன்றாக இருக்கிறது’ என்று நிம்மதியாகத் தூங்கப்போனவர்களை எனக்குத் தெரியும்.

அண்ணன் இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார். அவருடைய எஸ்.ஜி.பி.டி. சென்ற மாதம் 29.

ஜூன் 14

நேற்று எழுதியதைப் பார்த்துப் பலர் ஃபிப்–4 கணக்குப் போட்டு அனுப்பிவிட்டார்கள். பதறாதீர்கள். நேற்றே இதைச் சேர்த்திருக்க வேண்டும். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு நம்பகமானது அல்ல. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதே எண்ணை ஏற்றிவிடும் என்பதால் கீழ் எல்லையை 1.3க்குப் பதில் 2 என்று வைக்கிறார்கள். கடும் அழற்சியில் எஸ்.ஜி.ஓ.டி. நூற்றுக்கணக்கில் இருக்கும்போது போட்டால் எண் வீணாக எகிறும். 1.3க்குக் கீழே இருந்தால் கடுமையான தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு என்று சொல்வதில்தான் இதன் பலம். மேலே போனால் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும் என்று பொருள், நோய் உறுதி என்று அல்ல.

22 வயதில் 0.4 வந்ததாக எழுதிய தம்பி, அந்த எண்ணை மறந்துவிடுங்கள், நல்லதாக இருந்தாலும்.

ஜூன் 16, மாலை

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞர். எஸ்.ஜி.ஓ.டி. 210, எஸ்.ஜி.பி.டி. 90, கல்லீரலின் இன்னொரு நொதியான ஜி.ஜி.டி. 18, பிலிரூபின் சரி. ஹெபடைட்டிஸ் சோதனைகள் எல்லாம் இல்லை என்று வந்துவிட்டன, கல்லீரல் திசு எடுக்கலாமா என்று யோசிக்கிறார்களாம்.

நிறுத்துங்கள். பரிசோதனைக்கு முந்தைய வாரம் என்ன செய்தீர்கள்? பழக்கம் விட்டுப்போனபின் திடீரென்று பெரிய எடைகளைத் தூக்கினால் தசையிலிருந்து இரண்டு நொதிகளும் வழியும், ஒரு வாரம் வரைகூட ஏறியே நிற்கும். தசையில் எஸ்.ஜி.ஓ.டி. அதிகம். ஜி.ஜி.டி. தசையிலிருந்து வராது, உங்களுக்கு அது அமைதியாக இருக்கிறது. தசை நொதியான கிரியேட்டின் கைனேஸ் பார்க்கச் சொல்லுங்கள். அது ஆயிரங்களில் வந்தால் கதை தசையைப் பற்றியது.

இதில் ஒரு துயரமான பக்கம் உண்டு. தசைச் சிதைவு நோயோடு பிறந்த சிறுவர்களுக்கு, நடை தடுமாறுவதற்கு முன்பே, வேறு எதற்கோ எடுத்த ரத்தத்தில் இந்த எண்கள் உயர்ந்து தெரியும். கல்லீரல், கல்லீரல் என்று அலைந்து திசுவும் எடுத்துவிட்டுக் கடைசியில்தான் தசையைப் பார்ப்பார்கள். ஒரு கிரியேட்டின் கைனேஸ் சோதனை அந்தக் குழந்தைக்கு அத்தனை அலைச்சலையும் மிச்சப்படுத்தியிருக்கும். குழந்தைக்கு நொதி ஏறி, காரணம் தெரியவில்லை என்றால் தயவுசெய்து இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஜூன் 18

அதே அறிக்கையில் வரும் இன்னொரு நொதியான ஆல்கலைன் பாஸ்படேஸ் பற்றி மூன்று கேள்விகள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் எல்லையைவிடப் பல மடங்கு இருப்பது இயல்பு, எலும்பிலிருந்து வருகிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடியிலிருந்து வரும். கல்லீரலா எலும்பா என்று பிரிக்க ஜி.ஜி.டி. பாருங்கள், எலும்பிலிருந்து அது வராது. இரண்டும் சேர்ந்து ஏறினால் பித்தநீர்ப் பாதையில் அடைப்போ தேக்கமோ என்று தேட வேண்டும். ஜி.ஜி.டி. மட்டும் தனியாக ஏறினால் மது ஒரு காரணம், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் போன்ற மருந்துகள் இன்னொரு காரணம். குடிக்காதவரைக் குடிகாரர் என்று அந்த ஓர் எண்ணை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள், அது அநியாயம்.

மிகக் குறைவாக வந்த அம்மாவுக்கு: பொட்டாசியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு? பொட்டாசியம் நம்ப முடியாத உயரத்தில், கால்சியம் அதலபாதாளத்தில் என்றால் உங்கள் ரத்தம் ஊதா மூடிக் குழாயிலிருந்து மாறி ஊற்றப்பட்டிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க அந்தக் குழாயில் வைத்திருக்கும் ஈ.டி.டி.ஏ. உப்பு துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் கட்டிப்போடும். அவை இல்லாமல் இந்த நொதி வேலை செய்யாது.

ஜூன் 19

எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் ஆண்டுக்கணக்காக உயர்ந்தே நிற்கிறது, வேறு எல்லாம் சரி, சீரமும் தெளிவு என்பவர்களுக்கு இன்னொரு சாத்தியம். நொதி நம் உடலின் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினோடு ஒட்டிப் பெரிய மூலக்கூறாகிவிட்டால் ரத்தத்திலிருந்து வெளியேறத் தாமதமாகும், சேர்ந்துகொண்டே போகும். எந்த உறுப்பும் கசியவில்லை, வெளியேறும் வழிதான் குறுகியிருக்கிறது. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளை விட்டு அந்தப் பெரிய மூலக்கூறை வீழ்படிவாக்கிவிட்டு மறுபடி அளந்தால் எண் சரிந்துவிடும். நான் என் பணிக்காலத்தில் இரண்டு பேருக்குத்தான் பார்த்தேன். அவர்களில் ஒருவர் ஒன்பது ஆண்டுகள் கவலையில் இருந்தவர். சொன்னபோது அழுதுவிட்டார்.

ஜூன் 21, இரவு 10.15

கேள்வி கேட்டவருக்கு நான் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. 55 என்றும் 45 என்றும் எல்லை வைத்தது யார்?

ஆரோக்கியமானவர்கள் என்று கருதப்பட்ட ஒரு கூட்டத்தை அளந்து, மேலே இரண்டரை சதவீதத்தை வெட்டி அந்த இடத்தில் கோடு போடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் கொழுப்புக் கல்லீரல் இருப்பது தெரியாதவர்கள் கலந்திருந்தால் கோடு மேலே போய்விடும். 2002இல் இத்தாலியில் பிராட்டி குழுவினர் ரத்ததானம் செய்தவர்களில் எடை, கொழுப்பு, சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்கிட்டபோது ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்று வந்தது. அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரி 2017இல் ஆண்களுக்கு 29 முதல் 33 வரை, பெண்களுக்கு 19 முதல் 25 வரை என்று சொன்னது.

ஒரு காலத்தில் நான் இதைக் கடுமையாக எதிர்த்தேன். எல்லையைக் கீழே இறக்கினால் ஊரெல்லாம் நோயாளி, வீண் பயம், வீண் ஸ்கேன் என்பது என் வாதம். அந்த வாதத்தில் இன்னமும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த இழுப்பறையைத் திறந்த நாளிலிருந்து 36ஐயும் 38ஐயும் பார்த்து ‘சரி’ என்று என்னால் சொல்ல முடிவதில்லை. ‘இன்னொரு முறை பார்க்கலாம்’ என்கிறேன்.

அப்படிப் பார்த்தால் உங்களுடைய 58, 44 இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. கொஞ்சம் கசிகிறது. ஏன் என்று தேட வேண்டும்.

ஜூன் 25

‘கல்லீரல் நோயில் குறையும் நொதி எதுவுமே இல்லையா’ என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. இருக்கிறது, சீரம் கோலினெஸ்டரேஸ். அதைக் கல்லீரலே தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. கசிந்து வந்த சரக்கு அல்ல, வேண்டுமென்றே அனுப்பிய சரக்கு. கல்லீரல் தளர்ந்தால் அது குறையும். பூச்சிக்கொல்லி நஞ்சிலும் குறையும், அங்கே காரணம் வேறு. நொதி இருக்கும், ஆர்கனோபாஸ்பேட் அதன் வாயை அடைத்துவிடும். மறுபடியும் அதே பாடம், அம்மா. நாம் அளப்பது வேகத்தை, ஆளை அல்ல.

ஜூலை 9, மாலை 5.50

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். 58 போட்ட ஆய்வகம் பிரிடாக்சல் பாஸ்பேட் சேர்க்கிறது, 44 போட்டது சேர்ப்பதில்லை. இரண்டு இடத்திலும் பொறுமையாகப் பதில் சொன்னார்களாம். மகிழ்ச்சி.

முதல் ஆய்வகத்திலேயே மறுபடி பார்த்ததில் 51. எஸ்.ஜி.ஓ.டி. 36. தட்டணு 2,40,000. வயது 41. ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் இல்லை. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. கணக்குப் போட்டுவிட்டேன். 41 பெருக்கல் 36, 1,476. 51இன் வர்க்கமூலம் 7.14, அதை 240ஆல் பெருக்கினால் 1,714. வகுத்தால் 0.86. 1.3க்கு நன்றாகக் கீழே.

58லிருந்து 51க்கு இறங்கியதைக் கொண்டாட வேண்டாம். ஒரே மனிதருக்கு நாளுக்கு நாள் அவ்வளவு ஆடும். மூன்றாவதாக வேறோர் ஆய்வகத்தில் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். எடையைக் குறைக்கும் முயற்சியை உங்கள் மருத்துவர் சொன்னபடி தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்து, அதே ஆய்வகம், முந்தைய வாரம் முழுவதும் கடும் உடற்பயிற்சி கிடையாது. 58, 44, 51 மூன்றையும் தேதியோடும் முறையோடும் ஒரே தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டும்படி வைத்திருங்கள், இழுப்பறைக்குள் போட வேண்டாம். அக்டோபரில் வரும் எண்ணை இங்கே எழுதுங்கள். எஸ்.ஜி.ஓ.டி.யையும் தட்டணுவையும் சேர்த்து எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.